மாஸ்டர் லீவு

நீங்கள் வழக்கமாகப் போகிற ஹோட்டல். வழக்கமாகச் சாப்பிடுகிற ரவா தோசை. இன்று மட்டும் ஏதோ சரியில்லை. ஓரம் கருகி, நடு வேகாமல், மிளகெல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக. சர்வரை நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்கிறார்: ''இன்னிக்கு மாஸ்டர் லீவு சார்!''

அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. நாமும் 'ஓஹோ' என்று தலையாட்டி, சட்னியைத் தாராளமாகத் தொட்டுக்கொண்டு சமாளித்துவிட்டு வந்துவிடுவோம். பில்லில் ஒரு ரூபாய் குறையாது. நாமும் கேட்க மாட்டோம்.

தோசைக்குச் சரி. உங்கள் குழந்தைக்குப் போடப்போகிற தடுப்பூசிக்கு? அப்பாவின் கண்ணுக்குள் வைக்கப்போகிற லென்ஸுக்கு? உங்கள் பைக்கின் பிரேக் கேபிளுக்கு? 'அந்த பேட்ச் செஞ்ச அன்னிக்கு மாஸ்டர் லீவு சார்' என்று கம்பெனி சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

மாட்டீர்கள். ஆனால், ஏன்? செய்தவர் கெட்டவர் இல்லை. வேண்டுமென்று செய்யவும் இல்லை. அப்படியிருந்தும் அவர்மேல் நமக்கு என்ன உரிமை? முகம் தெரியாத ஒருவர், முகம் தெரியாத நமக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்? கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

கைமணம், கைப்பக்குவம், கைராசி... நம்மிடம்தான் எத்தனை வார்த்தைகள்! எல்லாமே கையைப் பற்றியவை. பாட்டியிடம், ''வத்தக்குழம்புக்கு எவ்வளவு உப்பு?'' என்று கேட்டால், ''தேவையான அளவு'' என்பாள். ''தேவையான அளவுன்னா எவ்வளவு?'' ''போடறப்போ கைக்குத் தெரியும்டா!'' அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. ஆனால், சிக்கல் என்னவென்றால், அந்தக் கை ஊருக்குக் கிளம்பினால் பக்குவமும் கூடவே பஸ் ஏறிவிடும்.

புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறவரும் ஆரம்பத்தில் இந்தப் பாட்டி மாதிரிதான். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரே ஒரு பீஸ் செய்கிறார். பொருந்தாத இடத்தை அரம் போட்டு ராவுகிறார். ஆடுகிற இடத்தில் ஒரு வாஷரைச் சொருகுகிறார். வேலை செய்கிறது! நண்பர்கள் கை தட்டுகிறார்கள். 'அவ்வளவுதான், இனி ஃபேக்டரியில் கொடுத்து அடிக்க வேண்டியதுதான் பாக்கி' என்று நினைக்கிறார்.

அந்த 'பாக்கி'யில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. வருகிற இரும்பு லாட்டுக்கு லாட்டு மாறும். மழைக்காலத்தில் பசை காயாது. ஆயிரம் தடவை வெட்டிய கட்டர், ஆயிரத்தோராவது தடவை கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்க்ரூ முடுக்குகிற கைக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருப்பதை, லாரியில் ஏற்றுகிறவர் நின்று படித்துக்கொண்டிருக்க மாட்டார். இத்தனைக்கும் நடுவே, பத்தாயிரம் டப்பாக்களில் எந்த மூடியை எடுத்தாலும் எந்த டப்பாவுக்கும் பொருந்த வேண்டும். நம் வீட்டு சம்படங்கள் மாதிரி, 'இதுக்கு இது இல்லே, அந்தக் கறுப்புப் புள்ளி வெச்ச மூடி எங்கே?' என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

பெனிசிலின் கதையில் நமக்குத் தெரிந்தது முதல் பாதி. 1928. லண்டன். அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் கண்ணாடித் தட்டில் பூஞ்சணம் வளர்ந்தது. சுற்றியிருந்த கிருமிகள் செத்தன. எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதன் பிறகு பத்து வருடங்களுக்கு மேல் பெனிசிலினால் ஊரில் யாருக்கும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பது எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? கண்டுபிடிப்பு இருந்தது, மருந்து இல்லை. பூஞ்சணத்திலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழு 1939 வாக்கில் அதைக் கையில் எடுத்தது. அந்தக் குழுவில் நார்மன் ஹீட்லி என்று ஓர் இளைஞர். பூஞ்சணத்தை வளர்க்கப் பாத்திரம் வேண்டும். யுத்த காலம், எதுவும் கிடைக்காது. ஹீட்லி ஆஸ்பத்திரி பெட்பேன்களில் வளர்த்தார். நோயாளிக்குக் கட்டிலில் வைப்பார்களே, அதே பெட்பேன்தான்! பிறகு அதே வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, பீங்கானில் நூற்றுக்கணக்கில் செய்து வாங்கினார்கள்.

1941 பிப்ரவரியில், உடலெல்லாம் சீழ்பிடித்துச் சாகக் கிடந்த 43 வயது போலீஸ்காரர் ஒருவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஜுரம் இறங்கியது. எழுந்து சாப்பிட்டார். அப்போது மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரைப் பிடித்து, அதில் வெளியேறிய பெனிசிலினைப் பிரித்தெடுத்து, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-ம் தேதி அவர் இறந்தார்.

இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வியாதிக்கு மருந்து தெரியும். மருந்து வேலை செய்கிறது என்றும் தெரியும். ஆனாலும் மனிதர் செத்துப்போனார். ஐடியாவில் ஒரு குறையும் இல்லை. போதுமான அளவுக்குச் செய்யத்தான் தெரியவில்லை.

அந்த வருடமே ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். பியோரியா என்கிற ஊரில் விவசாய ஆராய்ச்சிக்கூடம். மக்காச்சோளத்தில் ஸ்டார்ச் எடுத்த பிறகு மிஞ்சுகிற ஊறல் தண்ணீரை ஊற்றினால் பூஞ்சணம் அமோகமாகச் சுரக்கிறது என்று அங்கே கண்டார்கள். 1943-ல் அதே ஊரில் கிடைத்த ஓர் அழுகல் கிர்ணிப்பழத்தில் இன்னும் வீரியமான பூஞ்சணம் கிடைத்தது. அடுத்தது தொட்டி. மேலாக ஆடை படிவதுபோல் வளர்கிற பூஞ்சணத்தை, ஆழமான தொட்டி முழுக்க வளர வைக்க வேண்டும். அதற்குக் காற்று கொடுக்க வேண்டும். அந்தக் காற்றில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது, புகுந்தால் தொட்டி மொத்தமும் பாழ். 1944 மார்ச்சில் ஃபைஸர் கம்பெனி நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியை வாங்கி, 7,500 காலன் கொள்ளளவுள்ள 14 தொட்டிகளை ஓட விட்டது. பெனிசிலினை இப்படிப் பெரிய அளவில் தயாரிக்கும் தொழிற்சாலையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூஸோ என்கிற பெண் கெமிக்கல் இன்ஜினீயர். அந்த ஜூனில் நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, காயம்பட்டவர்களுக்கு மருந்து தயாராக இருந்தது.

1945-ல் நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும். பெட்பேன்காரருக்கு இல்லை. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1990-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து! கண்டுபிடித்தவருக்குச் சிலை, திரும்பத் திரும்பச் செய்யவைத்தவருக்கு அடிக்குறிப்பு. இது உலக வழக்கம்தான்.

'சரி, நிறையச் செய்தாகிவிட்டது. முடிந்ததா?' இல்லை. நிறையச் செய்வது வேறு. ஒவ்வொன்றையும் நம்பும்படி செய்வது வேறு. அதைக் கற்றுக்கொள்ள உலகம் கொடுத்த விலை அதிகம்.

1952-ல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்குப் போலியோ. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடை வந்தால் பெற்றோர் பிள்ளைகளை நீச்சல்குளத்துக்கு அனுப்பப் பயந்தார்கள். ஜோனஸ் சால்க் ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தார். போலியோ வைரஸை வளர்த்து, ஃபார்மலின் போட்டுக் கொன்று, செத்த வைரஸை ஊசியில் ஏற்றுவது. 1954-ல் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பரிசோதனை. அப்போது ஒவ்வொரு பேட்ச்சையும் கம்பெனி, சால்க்கின் லேப், அரசாங்க லேப் என்று மூன்று இடங்களில் சோதித்தார்கள். 1955 ஏப்ரல் 12-ம் தேதி, 'பலன் தருகிறது' என்று அறிவிப்பு வந்தது. அன்றே, சில மணி நேரத்துக்குள், கம்பெனிகளுக்கு லைசென்ஸ்.

லைசென்ஸ் வந்ததும் மும்முறைச் சோதனை போய்விட்டது. பாஸான பேட்ச்சின் காகிதங்களைக் கம்பெனி அனுப்பினால் அரசாங்கத்துக்குப் பெரும்பாலும் போதும். எத்தனை பேட்ச் ஃபெயில் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபெயிலான பாடங்களை மறைத்துவிட்டு, பாஸான பாடத்தின் மார்க்கை மட்டும் அப்பாவிடம் காட்டுகிற பையனைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்தக் கதை.

கலிஃபோர்னியாவின் கட்டர் லேபரட்டரீஸ் செய்த சில பேட்ச்களில் வைரஸ் சாகவில்லை. திரவத்தில் இருந்த கசடுக்குள் ஒளிந்துகொண்டு ஃபார்மலினிடமிருந்து தப்பித்திருந்தது. பெரிய தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும்போது, அந்தக் கொஞ்சத்தில் உயிருள்ள வைரஸ் சிக்காமலே போகலாம். சிக்கவில்லை. ஊசி போட்ட கையே முடங்கிப்போய்க் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 27-ம் தேதி கம்பெனி மருந்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் குழந்தைகளும், அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாக சுமார் 200 பேருக்குக் கை கால் முடக்கம். 10 மரணங்கள்.

பாதிக்கப்பட்ட இரண்டு குழந்தைகளின் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. 1958-ல் ஜூரிகள் ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொன்னார்கள். 'கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்குத் தெரிந்த முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும்.' இதென்ன நியாயம்? தப்பு செய்யவில்லை என்றால் தண்டம் எதற்கு?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். 'வாங்குகிறவனே, பார்த்து வாங்கிக்கொள்' என்று மிரட்டலாக ஆரம்பிக்கும். அடுத்த வரியிலேயே விதிவிலக்கு வரும். என்ன உபயோகத்துக்கு என்று சொல்லி, விற்கிறவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த உபயோகத்துக்கு லாயக்காக இருக்க வேண்டும். அவர் வாய் திறந்து சத்தியம் செய்யாவிட்டாலும் சரி. இதைத்தான் அமெரிக்க ஜூரிகள் 'இம்ப்ளைடு வாரண்ட்டி' என்றார்கள். நம் பாஷையில், சொல்லாமலே கொடுத்த வாக்கு. நம்முடைய 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே, பொருள் செய்தவரின் பொறுப்பைப் பற்றி, தனி அத்தியாயம் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் சட்டத்தைவிடப் பெரிய விஷயம் இது. ஒரு தாய் தன் குழந்தையின் கையை ஊசிக்கு நீட்டுகிறாள். மருந்தைச் சோதிக்க அவளால் முடியாது. டாக்டராலும் முடியாது. குப்பிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே இடம், அது செய்யப்பட்ட இடம். தெரிந்துகொள்ளும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் கடமையும் இருக்கிறது. 'நல்ல மனசோடதான் செஞ்சேன்' என்பது கடவுளிடம் செல்லுபடியாகலாம். அந்தத் தாயிடம் ஆகாது.

'அப்படியென்றால் நூறு சதவிகிதம் நிச்சயமான பிறகுதான் எதையும் வெளியே விட வேண்டுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. போலீஸ்காரர் செத்தது மருந்து போதாமல்தானே? 1955-ல், 'இன்னும் இரண்டு வருடம் சோதித்துப் பார்ப்போம்' என்று உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டு வருடத்தில் முடங்கியிருக்கும் குழந்தைகளுக்கு யார் பொறுப்பு? தாமதமும் ஆளைக் கொல்லும். ஆனால், தாமதத்தால் செத்தவர்களின் பெயர் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் ஏறாது.

இங்கேதான் இன்னொரு பழைய பாடம் ஞாபகம் வருகிறது. காஸ்ட் அக்கவுன்ட்ஸில் 'நார்மல் லாஸ்' என்று ஒன்று உண்டு. நூறு கிலோ மூலப்பொருள் போட்டால் ஐந்து கிலோ வீணாவது சகஜம் என்று வைத்துக்கொண்டு, அந்த ஐந்து கிலோவின் செலவை மீதி 95 கிலோவின் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் வீணானால் 'அப்நார்மல் லாஸ்'. அதை அப்படி மறைக்க முடியாது. தனியாக எழுதி, லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. வாழ்க்கையில் அதைவிடப் பெரியது.

காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே வீணாவது நார்மல் லாஸாக இருக்கலாம். எத்தனை வேண்டுமானாலும் உடைத்துப் போடட்டும், கொட்டட்டும், காசு அவர்களுடையது. சுவரைத் தாண்டி வெளியே போன பிறகு நார்மல் லாஸ் என்று ஒன்று கிடையாது. லட்சத்தில் ஒன்று பழுது என்றால் கம்பெனிக்கு அது ஒரு தசமப்புள்ளி. அந்த ஒன்று யார் வீட்டுக்குப் போகிறதோ, அவருக்கு வந்தது முழுப் பழுது. நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், ''எல்லா பீஸும் இப்படித்தான் சார் வருது!'' கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். அப்நார்மலை நார்மல் ஆக்கிவிட்டோம் என்கிற ஒப்புதல் வாக்குமூலம் அது.

ஆகவே, 'பழுதே வராத பொருள் கொடு' என்று கேட்க நமக்கு உரிமையில்லை. மனிதர்கள் செய்வது, வரத்தான் செய்யும். 'எத்தனை பழுது வந்தது என்று எண்ணினாயா? ஏன் வந்தது என்று தேடினாயா? மறைக்காமல் எழுதினாயா?' என்று கேட்க உரிமை உண்டு. 1955 விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். வடிகட்டும் முறையை மாற்றினார்கள். சோதனைகளைக் கடுமையாக்கினார்கள். கண்காணிப்பை இறுக்கினார்கள். தடுப்பூசித் திட்டம் தொடர்ந்தது. 1961-ல் அந்த நாட்டில் போலியோ கண்டவர்கள் ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர்தான். சால்க்கின் ஐடியா முதலிலும் சரிதான், கடைசியிலும் சரிதான். நடுவில் தடுமாறியது செய்முறை.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கினார். கண்புரை ஆபரேஷனில் கெட்டுப்போன லென்ஸை எடுத்த பிறகு, உள்ளே ஒரு செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை இயல்பாக இருக்கும். ஆனால், வெளிநாட்டு லென்ஸ் யானை விலை. அதனால் காசு உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்கு சோடாபுட்டிக் கண்ணாடி என்கிற நிலைமை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று ஆரம்பித்து லென்ஸைச் செய்யத் துணிந்தார்கள். இந்தியா மாதிரி நாட்டில் இதைச் செய்ய முடியுமா என்று பலருக்குச் சந்தேகம்.

சந்தேகம் நியாயம்தான். ஆறு மில்லிமீட்டர் சமாசாரம். ஒரு கீறல், ஒரு தூசி, ஒரு கிருமி கூடாது. உள்ளே வைத்தால் அந்த மனிதர் சாகிற வரை அங்கேயே இருக்க வேண்டும். 'பில்லைக் கொண்டாங்க, மாத்தித் தரோம்' என்கிற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஒரு குறுக்குவழி இருந்தது. 'ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கு, மங்கலாகத் தெரிந்தால் போதாதா? ஏழைக்கு இது போதும்' என்று விட்டிருக்கலாம். உலகத்திலேயே விலை மலிவான, பார்க்கக் கருணை மாதிரியே இருக்கிற வாக்கியம் அது. அவர்கள் அந்த வழியில் போகவில்லை. ஐரோப்பாவின் சி.இ. தரச் சான்று வாங்கும் அளவுக்குச் செய்முறையைக் கொண்டுவந்தார்கள். விலையை, வெளிநாட்டு லென்ஸின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரைச் சரக்கு போகிறது. காசு கொடுப்பவர் கண், இலவசக் கண் என்று லென்ஸுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து செய்முறை எழுதியிருக்கிறார்கள்.

கைப்பக்குவத்தைக் காகிதத்தில் இறக்குவது என்பது இதுதான். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், யார் பார்த்தார்கள், யார் கையெழுத்து, எது ஃபெயில், ஏன் ஃபெயில். பார்க்க வறட்டு வேலை. கவிதை எழுத ஒன்றும் இல்லை. ஆனால், நல்ல மனசுக்கு ஜுரம் வரும், தூக்கம் வரும், வீட்டில் சண்டை வரும். அன்றைக்கும் யாரோ ஒருவரின் குழந்தை ஊசிக்குக் கை நீட்டும். அன்றைக்காக மனசாட்சியை ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

உங்களிடம் ஃபேக்டரி இல்லாமல் இருக்கலாம். ஆனால் முகம் தெரியாதவர்களுக்காக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாதவர் யார்? ஒன்பதாவது செக்‌ஷனுக்கு அதே பாடத்தை நடத்துகிற டீச்சர், நாளைக்கு முந்நூறு சீட்டு பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருந்துக் கடைக்காரர், ராத்திரி பஸ் ஓட்டுகிற டிரைவர். முதல் ஆளுக்குக் கிடைத்த அக்கறை கடைசி ஆளுக்கும் கிடைக்கிறதா என்பது அங்கேயும் அதே கேள்விதான்.

அடுத்த முறை தலைவலி மாத்திரை வாங்கும்போது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத சின்ன எழுத்தில் ஒரு பேட்ச் நம்பர் இருக்கும். 'இது என்னால் கெட்டுப்போயிருந்தால், எந்த நாளில், எந்தத் தொட்டியில் என்று தேடிக்கொண்டு வரலாம். நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று ஒருவர் தன் விலாசத்தைக் கொடுப்பது அது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் செய்துமுடித்த வேலையை நினைத்துப் பாருங்கள். அதில் உங்கள் பேட்ச் நம்பரைப் போடச் சொன்னால், போடுவீர்களா?